ஐஸ்லாந்தின் ஸ்னோரி: வணங்காத தெய்வங்களுக்கு ஏடெழுதியவர்

நிந்தவூர்க் கடற்கரையில் மாலை வேளையிற் பந்தாடும் சிறுவன் ஒருவனை அழைத்துத் தோர் என்பவன் யார் என்று வினவினால், சம்மட்டி ஏந்தி இடியை ஏவும் வீரன் என்று தயங்காது விடை பகர்வான். 1962 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றிற் புகுந்து, 2011 முதல் பெருந்திரைப் படங்களிலும் உலா வரும் அவ்வீரனை அறியாத பிள்ளைகள் இன்று அரியர். ஆனால் அவன் எந்தக் கதையுலகிலிருந்து வந்தான், அவ்வுலகை அழியாமற் காத்து நமக்குத் தந்தவர் யார் என்று கேட்டால், பிள்ளைகள் மட்டுமன்றிக் கற்பிக்கும் நாமும் மௌனிகளாகி விடுகின்றோம். காத்தவர் பலர், அவருள் தலையாயவர் ஒருவர். ஸ்னோரி ஸ்டூர்லூசன் என்பது அவர் பெயர். அவர் காத்த தெய்வங்களை அவர் வணங்கியவர் அல்லர். இந்த ஒரு செய்தியே அவர் வரலாற்றை நம் வாசகர் முன் வைக்க என்னைத் தூண்டியது.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் வட எல்லையில், பனியும் எரிமலையும் ஒருங்கே வாழும் தீவு ஐஸ்லாந்து. பரப்பில் நம் இலங்கையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நோர்வே நாட்டவர் அங்குக் குடியேறினர். அரசன் என்று ஒருவனை வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. 930 ஆம் ஆண்டளவில் ஆல்திங் எனும் பேரவையை நிறுவி, ஆண்டுதோறும் கோடையில் திறந்த வெளியிற் கூடி வழக்குத் தீர்த்தனர். 1000 ஆம் ஆண்டளவில் அந்த அவையிலேயே கூடி, நாட்டார் அனைவரும் கிறித்தவ சமயத்தைத் தழுவுவதென முடிவு செய்தனர். ஓடின், தோர், பிரேயா முதலான பழந்தெய்வங்களின் வழிபாடு அவ்வாறு ஓய்ந்தது. வழிபாடு ஓய்ந்ததேயன்றிக் கதைகள் உடனே ஓய்ந்துவிடவில்லை. நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் மக்களிடையே வழங்கிய இக்கதைத் தொகுதியைத்தான் இன்று நோர்ஸ் புராணம் என்கின்றோம்.

ஸ்னோரி 1179 ஆம் ஆண்டில் அத்தீவின் மேற்கிலுள்ள குவாம் எனும் பண்ணையிற் பிறந்தார். தந்தையார் ஸ்டூர்லா, வழக்குக்கும் வம்புக்கும் அஞ்சாத குடித்தலைவர். குழந்தை நடை பழகும் பருவத்தில் ஸ்டூர்லாவுக்கும் பவுல் என்னும் பாதிரியாருக்கும் சொத்து வழக்கொன்று மூண்டது. சமாதானம் பேசக் கூடிய இடத்திற் பாதிரியாரின் மனைவி சினங்கொண்டு, கையில் கத்தியுடன் ஸ்டூர்லாவின் கண்ணை நோக்கிப் பாய்ந்தார். ஓடினைத் தம் முன்மாதிரியாகக் கொண்ட அந்த மனிதரை, ஓடினைப் போலவே ஒற்றைக் கண்ணராக்கி விடுவதே அப்பெண்மணியின் எண்ணம். குறி தவறிக் கன்னத்தில் வெட்டு விழுந்தது. ஞானத்தின் ஊற்றில் ஒரு வாய் நீர் பருகுவதற்காகத் தன் கண்ணொன்றை ஈடாக வைத்த தெய்வம் ஓடின் என்பது பழங்கதை. பாதிரியாரின் வாழ்க்கைத் துணைவிக்கும் அக்கதை நாவின் நுனியில் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊர் மதம் மாறி இருநூறு ஆண்டுகள் ஆகவிருந்த வேளையிலும் பேச்சு வழக்கிற் பழந்தெய்வம் உயிருடன் இருந்தது.

அந்தக் கத்திக்காயமே சிறுவனின் ஊழை மாற்றியது. ஸ்டூர்லா அளவிறந்த நட்டஈடு கேட்டார். நாட்டின் பெருந்தலைவராகிய யோன் லொப்ட்சன் நடுவராக வந்து அத்தொகையைக் குறைத்து, அதற்கு மாற்றாக ஸ்டூர்லாவின் மகனைத் தம் இல்லத்தில் வளர்த்துக் கல்வி புகட்டுவதாக வாக்களித்தார். அவ்வாறு மூன்று வயதளவில் ஸ்னோரி தென்புலத்து ஓடி எனும் ஊருக்குச் சென்றார். யோன் அரச குருதி உடையவர். அவருடைய பாட்டனார் ஸைமுண்டர் நாடறிந்த அறிஞர். ஓடி அக்காலத்தில் ஐஸ்லாந்தின் தலைசிறந்த கல்வி நிலையங்களுள் ஒன்று. சட்டமும், அரசர் வரலாறும், முன்னோர் பாடல்களும் அங்கே ஓதப்பட்டன. 1183 இல் தந்தையார் இறந்தபோதும் சிறுவர் அங்கேயே இருந்தார். அவர் தந்தையிடமிருந்து பெற்றது வம்புக் குணம், வளர்ப்புத் தந்தையிடமிருந்து பெற்றது நூற்பயிற்சி. இவ்விரண்டும் இறுதி மூச்சுவரை அவருள்ளே போரிட்டன.

1199 இல் போர்க் எனும் ஊரின் செல்வர் ஒருவரின் மகளான ஹெர்தீசை மணந்தார். மாமனார் இறந்ததும் அவருடைய நிலங்களும் தலைமைப் பதவியும் மருமகன் கைக்கு வந்தன. 1206 அளவில் மனைவியைப் பிரிந்து ரெய்க்கோல்ட் எனும் ஊரிற் குடிபுகுந்தார். தந்தையாரின் கன்னத்திற் கத்தி பாயக் காரணமாயிருந்த அந்தப் பாதிரியார் வாழ்ந்த ஊர் அதுவே என்பது வியப்புக்குரியது. அங்கே மதில் எழுப்பினார். நிலத்தடியிலிருந்து கொதித்தெழும் வெந்நீர் ஊற்றைக் கால்வாய் வழியே கொணர்ந்து, ஏறத்தாழ நான்கு மீற்றர் அகலமுள்ள கல்தொட்டியிற் சேர்த்தார். அத்தொட்டி இன்றும் அங்குளது. 1215 இல் ஆல்திங் அவையின் சட்டமுரைப்பவராகத் தெரிவு செய்யப்பட்டார். நாட்டின் சட்டத்தை மூன்று கூறாக்கி, ஆண்டுக்கு ஒரு கூறாகச் சபையோர் கேட்க ஓதுவது அப்பதவிக்குரியவர் கடமை. 1218 வரையும், பின்னர் 1222 முதல் 1231 வரையும் அப்பதவியை வகித்தார்.

1218 இல் நோர்வே சென்றார். ஆண்டு கொண்டிருந்த ஹாக்கோன் மன்னர் பதினான்கு வயதுச் சிறுவர். அதிகாரமோ ஸ்கூலி எனும் பிரபுவின் கையிலிருந்தது. இருவரும் புலவரைப் போற்றினர். கப்பலும் பரிசிலும் பட்டமும் வழங்கினர். அரசனில்லாத தம் தாய்நாட்டை நோர்வே அரசின் கீழ்க் கொண்டுவர முயல்வதாக அவரும் வாக்களித்து 1220 இல் மீண்டார். நாடு திரும்பியபின் அவ்வாக்கை நிறைவேற்ற அவர் பெரிதும் முயன்றதாகத் தெரியவில்லை. பெற்ற பரிசிலுக்குக் கைம்மாறாக மன்னரையும் பிரபுவையும் புகழ்ந்து நூறு செய்யுளுக்கு மேற்பட்ட நெடும்பாடல் ஒன்றை இயற்றினார். அப்பாடலிலிருந்துதான் அவருடைய பெருநூல் கிளைத்தது.

அந்நூலின் பெயர் எட்டா. காலம் 1220 ஐ ஒட்டியது. தமிழ் கற்றோருக்கு அதன் அமைப்பை விளக்குதல் எளிது. மேற்சொன்ன நெடும்பாடல் அதன் இறுதிப் பகுதி. ஒவ்வொரு செய்யுளும் ஒவ்வொரு யாப்பு வகைக்கு எடுத்துக்காட்டு. பக்கத்திலேயே உரையும் உண்டு. நம் தண்டியலங்காரத்தில் இலக்கணத்துக்குக் காட்டிய செய்யுள்கள் சில அனபாய சோழனைப் புகழ்வது போல, இங்கே இலக்கணமும் அரசர் புகழும் ஒரே பாட்டில் இணைந்தன. அதற்கு முந்திய பகுதி நிகண்டு போன்றது. கடலுக்கு இன்னின்ன பெயர், போருக்கு இன்னின்ன பெயர், பொன்னுக்கு இன்னின்ன பெயர் என அது தொகுத்துரைக்கின்றது.

அந்தப் பெயர்களிலேதான் சிக்கல் இருந்தது. அந்நாட்டுப் புலவர்கள் ஒரு பொருளை நேரே சொல்லார். கடலைத் திமிங்கிலத்தின் பாதை என்பர். அது ஊகித்து அறியத்தக்கது. பொன்னைச் சிப் என்பாளின் கூந்தல் என்றும், பிரேயாவின் கண்ணீர் என்றும், நீர்நாய்க்குக் கொடுத்த ஈடு என்றும் பாடுவர். கதை தெரியாதவனுக்கு இவை வெறும் பிதற்றல். பாற்கடல் கடைந்த கதையை அறியாத ஒருவன் நம் பழம்பாடல்களைக் கையிலெடுத்தால் எத்துணைத் தத்தளிப்பான் என்று எண்ணிப் பாருங்கள். கிறித்தவப் போதகர்கள் பழந்தெய்வக் கதைகளை வெறுத்தனர். இளம்புலவர் அவற்றை மறந்தனர். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் முந்நூறு ஆண்டுப் பாடல்கள் பூட்டிய பெட்டிகளாகிவிடும் என்பதை ஸ்னோரி உணர்ந்தார். திறவுகோல்களை எழுதி வைப்பதே எட்டாவின் நோக்கம்.

நீர்நாய்க் கதையை இங்குச் சுருங்க உரைக்கலாம். ஓடினும் வேறிரு தெய்வங்களும் வழிப்பயணத்தில் ஒரு நீர்நாயைக் கொன்றனர். அது உண்மையில் உருமாறிய ஒரு மனிதன். இறந்தவனின் தந்தை, உரித்த தோலைப் பொன்னால் நிரப்பி வெளியேயும் பொன்னால் மூட வேண்டும் என்றான். தந்திரக்காரனாகிய லோகி, அந்துவாரி எனும் குள்ளனைப் பிடித்து அவன் பொன் முழுவதையும் பறித்தான். விரலிற் கிடந்த கணையாழியையும் விட்டுவைக்கவில்லை. உடையவன் எவனாயினும் அவனை அழிக்குமென்று குள்ளன் அவ்வாழியைச் சபித்தான். தோல் மூடப்பட்டது, மீசை மயிர் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. அதை மறைக்க அக்கணையாழியை வைக்க நேர்ந்தது. பின்னர்ப் பொன்னுக்காக மகன் தந்தையைக் கொன்றான். கொன்றவன் நாகப்பாம்பாக மாறிப் புதையல் மேற் சுருண்டு கிடந்தான். பொன்னுக்கு ஒரு பெயர் ஏன் வந்தது என்று மாணாக்கனுக்கு விளக்கச் சொல்லப்பட்ட கதை இது. சபிக்கப்பட்ட கணையாழியும், புதையல் காக்கும் நாகமும் பின்னர் எங்கெங்கு சென்றன என்பதை மேலே காண்போம்.

நூலின் முற்பகுதி வினாவும் விடையுமாக அமைந்தது. கில்வி எனும் மன்னன் மாறுவேடம் பூண்டு தெய்வங்களின் மண்டபம் புகுந்து, சிம்மாசனத்தில் வீற்றிருந்த மூவரிடம் உலகம் தோன்றிய வகை யாது, உலக மரம் எது, முடிவு எவ்வாறு வரும் என்று அடுக்கடுக்காக வினவுகின்றான். அவர்கள் விடையிறுக்கின்றனர். இதைப் படித்தபோது எனக்கு நம் ஆயிரம் மசலாவின் நினைவு எழுந்தது. 1572 ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவர் அரங்கேற்றிய அந்நூலில், அப்துல்லாஹ் இப்னு சலாம் அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் படைப்பும் மறுமையும் பற்றிய ஆயிரம் வினாக்களைத் தொடுக்கின்றார். இரண்டையும் பொருளால் ஒப்பிடுவது என் கருத்தன்று. ஒன்று ஈமானின் பாற்பட்டது, மற்றையது கட்டுக்கதை. வடிவத்தால் மட்டுமே ஒப்பிடுகின்றேன். நம் நூலில் விடை பெற்றவர் உண்மையை ஏற்று உள்ளம் தெளிகின்றார். ஸ்னோரியின் நூலிலோ இறுதி விடை கிடைத்ததும் பேரோசை எழ, மண்டபமும் மூவரும் மாயமாக மறைய, மன்னன் வெட்டவெளியில் தனியே நிற்கின்றான். சொல்லப்பட்ட கதை நிலைத்தது. சொன்ன தெய்வங்கள் இல்லாதொழிந்தன. தம் நிலையை ஸ்னோரி இதனினும் நயமாகக் காட்டியிருக்க முடியாது.

வெளிப்படையாகவும் அவர் அதை உரைத்துள்ளார். கிறித்தவர் இத்தெய்வங்களை நம்பலாகாது என்றும், ஆயினும் முன்னோர் ஆண்ட சொல்வழக்குகளைக் கவிதையினின்றும் நீக்கலாகாது என்றும் இளம்புலவருக்கு அறிவுறுத்துகின்றார். இத்தெய்வங்கள் திரோய் நகரிலிருந்து வந்த மாந்தரே என்றும், அறிவாற் சிறந்த அவர்களைப் பாமரர் தெய்வமெனக் கொண்டனர் என்றும் முன்னுரை வகுத்தார். இவ்விளக்கம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. எனினும் சமயவாதிகளின் சினத்திலிருந்து கதைகளைக் காத்த கவசம் அதுவே. தோர் கிழவி ஒருத்தியுடன் மற்போரிட்டுத் தோற்று, அவள் முதுமையே என்று பின்னர் அறியும் கதையை இன்று நாம் முழுமையாக அறிவது ஸ்னோரியின் ஏட்டினாலேயே.

1230 அளவில் நோர்வே மன்னர்களின் வரலாற்றை ஹைம்ஸ்கிரிங்லா எனும் பெருநூலாகத் தொகுத்தார். பழங்கால அரசர் முதல் 1177 வரையான செய்திகள் அதிலுள்ளன. அரசரின் வீழ்ச்சிக்குப் பேராசையும் உறவினர் பகையும் எவ்வாறு காரணமாயின என்று கூர்மையாக எழுதினார். தம் வாழ்விலோ அதே வழியில் நடந்தார்.

1224 இல் ஐஸ்லாந்தின் பெருஞ்செல்வியாகிய ஹல்வைக் எனும் விதவையைத் துணைவியாகக் கொண்டதும், நாட்டின் முதற் பணக்காரரானார். புதல்வியரை வலிமை மிக்க தலைவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தார், அம்மணங்கள் நிலைக்கவில்லை. மருமக்கள் பகைவராயினர். உடன்பிறந்த சிகுவாதருடனும் அவர் மகனுடனும் அதிகாரத்துக்காக மோதினார். படை திரட்டுவார், போர் நெருங்கினால் பின்வாங்குவார். 1237 இல் மீண்டும் நோர்வே சென்று ஸ்கூலி பிரபுவின் பக்கம் சார்ந்தார். 1238 இல் ஓர்லிக்ஸ்தாத் போர்க்களத்தில் சிகுவாதரும் அவருடைய மைந்தர் சிலரும் மாண்ட செய்தி அங்கே எட்டியது. மன்னரின் தடையை மீறி 1239 இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டே ஸ்கூலி கலகம் செய்து அடுத்த ஆண்டிற் கொல்லப்பட்டார். ஸ்னோரி துரோகியென முடிவு செய்த மன்னர், அவருடைய முன்னாள் மருமகனாகிய கிசூருக்குத் திருமுகம் விடுத்தார்: ஸ்னோரியை நோர்வேக்கு அனுப்புக, இயலாதாயின் கொல்லுக என்பது அதன் சாரம்.

1241 கோடையில் ஹல்வைக் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்தைப் பங்கிடுவதில் அவருடைய மைந்தருடன் ஸ்னோரி பிணங்கினார். அவர்களும் கிசூருடன் சேர்ந்துகொண்டனர். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று ஸ்னோரிக்கு வந்ததாகவும், அது மறைவான எழுத்தில் வரையப்பட்டிருந்தமையால் அவரால் அதைப் படிக்க இயலவில்லை எனவும் அவருடைய சகோதரர் மகனார் எழுதிய வரலாறு கூறுகின்றது. பிறருடைய மறைபொருட்களுக்கெல்லாம் உரை வகுத்தவருக்குத் தம் உயிர்காக்கும் ஓலையின் பொருள் விளங்காமற் போயிற்று. செப்டெம்பர் 23 ஆம் நாள் இரவு கிசூரின் ஆட்கள் ரெய்க்கோல்ட் வீட்டை வளைத்தனர். அறுபத்திரண்டு வயதினராகிய ஸ்னோரி நிலவறையில் ஒளிந்தார். உள்ளே புகுந்த சிலர், அவர் தடுத்துரைத்தும் கேளாது வெட்டிக் கொன்றனர். இருபது ஆண்டுகள் கழிந்து, 1262 முதல் 1264 வரையான காலத்தில் ஐஸ்லாந்து நோர்வே மன்னருக்கு அடிபணிந்தது.

அரசியலில் ஸ்னோரி நாட்டியது எதுவும் நிலைக்கவில்லை. எட்டா மட்டும் நிலைத்தது. குடியானவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்தனர். 1643 இல் ஆயர் பிரின்யோல்பர் பழைய தோலேடு ஒன்றைக் கண்டெடுத்தார். ஸ்னோரிக்கு மூலமாயிருந்த பாடல்கள் பல அதில் முழுமையாகக் கிடைத்தன. அது 1662 இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டு, 1971 ஏப்ரல் 21 இல் கப்பல் வழியே தாய்நாடு மீண்டபோது, துறைமுகத்தில் ஐஸ்லாந்து மக்கள் திரளாகக் கூடி வரவேற்றனர். ஏடொன்றுக்கு ஒரு நாடே எதிர்கொண்டு நின்றது.

இனி, இம்மூலத்திலிருந்து எழுந்த கற்பனை உலகங்களைப் பார்ப்போம். 1876 இல் ஜெர்மானிய இசைப்புலவர் வாக்னர் அரங்கேற்றிய நான்கு நாள் இசைநாடகத்தில் சபிக்கப்பட்ட கணையாழியே நடுப்பொருள். பொன்னாசையினால் தெய்வங்களின் மாளிகை இறுதியில் எரிகின்றது. ஒக்ஸ்போட் பேராசிரியர் டோல்கீன், நண்பர் லூயிஸ் முதலியோருடன் கூடி ஐஸ்லாந்து மொழி நூல்களை மூலத்திலேயே படித்தவர். 1937 இலும் 1954, 1955 ஆண்டுகளிலும் வெளியான அவர் கதைகளில் வரும் குள்ளர் பலருடைய பெயர்களும், காண்டால்ப் எனும் முதிய மந்திரவாதியின் பெயரும், ஸ்னோரி எடுத்தாண்ட குள்ளர் பெயர்ப் பட்டியலில் உள்ளவை. ஆயினும் டோல்கீன் கடன் கொண்டவற்றுட் சிறந்தது பெயரன்று. தோல்வி உறுதி என்றறிந்தும் தெய்வங்கள் இறுதிப் போருக்கு எழும் அந்த நெஞ்சுறுதியை அவர் எடுத்துக்கொண்டார். தாம் கிறித்தவராதலின் அதன் முடிவில் எதிர்பாராத மீட்சியைச் சேர்த்தார். லூயிசின் நார்னியா உலகும் 1956 இல் வெளிவந்த இறுதி நூலில் அழிகின்றது. ஆனால் அவ்வழிவு மெய்யான மறுவுலகின் வாயிலாகக் காட்டப்படுகின்றது. அமெரிக்கச் சித்திரக்கதை தோரின் சம்மட்டியையும் தோள்வலியையும் எடுத்துக்கொண்டு, முதுமையிடம் தோற்றவனின் துயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஒரே ஊற்றின் நீர். கொள்ளும் கலத்துக்கேற்ப வடிவம் வேறாயிற்று.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. சைவ மடத்திற் கல்வி பயின்ற உ. வே. சாமிநாதையர், சமண காவியமாகிய சீவக சிந்தாமணியைச் சமணரிடமே சென்று ஐயம் தெளிந்து 1887 இற் பதிப்பித்தார். பௌத்த காவியமாகிய மணிமேகலையை 1898 இல் வெளியிட்டார். நம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழைப் பழநூற் குறிப்புகளிலிருந்து மீட்டு 1947 இல் யாழ்நூலாகத் தந்தார். அடிகளும் டோல்கீனும் பிறந்த ஆண்டு ஒன்றே, 1892. நம் முஸ்லிம் புலவர்களும் கற்பகத்தருவையும் காமதேனுவையும் உவமையாக ஆளத் தயங்கியதில்லை. அதனால் அவர்தம் ஈமான் குறைந்ததுமில்லை, தமிழ் நிறைந்தது. நம்பிக்கை வேறு, மொழியின் நினைவு வேறு என்பதை அவர்களும் அறிந்திருந்தனர்.

ஸ்னோரியை நான் சான்றோர் வரிசையில் வைக்கவில்லை. சொத்தாசையும் நிலையற்ற நட்பும் அவருடைய குறைகள். மனைவியர்க்கும் மக்களுக்கும் அவர் நல்லவராயிருந்தார் என்று சொல்லவும் இயலாது. மறதிக்கு எதிரான ஒரு காரியத்தில் மட்டும் அவர் வாக்குத் தவறவில்லை. அவரைக் கொல்லப் பணித்த மன்னரின் நாடாகிய நோர்வே, 1947 இல் அவருக்குச் சிலை வடித்து ரெய்க்கோல்ட் ஊருக்கே அன்பளிப்பாக வழங்கியது.

நம் கரையூர்களில் வயல்வெளியிலும் வாசற்படியிலும் பாடப்பட்ட நாட்டார் கவிகள் பல இன்னும் மூத்தோர் நாவில் உள்ளன. 2004 டிசம்பர் 26 இல் வீடுகளை அள்ளிச் சென்ற கடல், அவற்றுள் இருந்த நூல்களையும் விட்டுவைக்கவில்லை. மூத்தோருடன் மறையும் சொற்களையோ எந்தக் கடலும் அள்ள வேண்டியதில்லை. ஒலுவிற் பல்கலைக்கழகத்து மாணவரும் நம் பாடசாலை ஆசிரியரும் கவிகளைத் திரட்டுவதுடன் அமையலாகாது. இந்தச் சொல் ஏன் வந்தது, இந்த உவமைக்குப் பின்னுள்ள கதை யாது என்று உம்மும்மாவிடம் கேட்டு, பாட்டின் பக்கத்திலேயே அதையும் எழுதி வைக்க வேண்டும். பாட்டை மட்டும் காப்பது பெட்டியைக் காப்பதாகும். ஸ்னோரி திறவுகோலையும் சேர்த்துக் காத்தார்.